யாருக்காக இந்த ஊசி? நலமான பெரியவர்களும் ஃபுளூ தடுப்பூசியும்

நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய் எதுவும் இல்லாத ஐம்பத்திரண்டு வயது இங்கிலாந்துக்காரர் ஒருவர் 2022ஆம் ஆண்டு குளிர்காலத்துக்கு முன் அரசின் செலவில் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள முடிந்தது. 2023இல் அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேண்டுமானால் மருந்துக் கடையில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இடையில் தடுப்பூசி பற்றிய அறிவியல் மாறிவிடவில்லை. 50 முதல் 64 வயது வரையுள்ள நலமானவர்களுக்கான அந்த ஏற்பாடு, கோவிட்டும் ஃபுளூவும் சேர்ந்து தாக்கினால் மருத்துவமனைகள் தாங்காது என்ற அச்சத்தில் 2020இல் வந்தது. நெருக்கடி தணிந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவிலோ, தடுப்பூசி ஆலோசனைக் குழு 2010 பிப்ரவரியிலேயே ஆறு மாதம் நிறைந்த எல்லோருக்கும் ஆண்டுதோறும் இந்த ஊசியைப் பரிந்துரைத்துவிட்டது.

நோய் ஒன்று; இரு நாட்டு வல்லுநர்களும் படித்த ஆய்வுகளும் பெரும்பாலும் ஒன்றே. முடிவு மட்டும் வேறு. இதை ஒரு தரப்பின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. இரு நாடுகளும் கேட்டுக்கொண்ட கேள்விகள் வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம். நலமான பெரியவர் ஒருவருக்கு ஊசி வேண்டுமா என்பதை அவருடைய உடல்நிலையைவிட, அவர் யாரோடு வாழ்கிறார், யாரைத் தொட்டுப் பராமரிக்கிறார் என்பதே கூடுதலாகத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் தனிப்பட்ட பலன். நலமான பெரியவர்கள் பற்றிய சோதனைகளைத் தொகுத்து மருத்துவச் சான்றாய்வு அமைப்பான காக்ரேன் 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஊசி போடாதவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கும், செயலிழந்த வைரஸ் ஊசி போட்டவர்களில் 0.9 விழுக்காட்டினருக்கும் ஒரு பருவத்தில் இன்ஃபுளுவென்சா வந்ததாகக் கணக்கிட்டது. நோய்வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது என்று இதைச் சொல்லலாம். 71 பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் தப்புகிறார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் விளம்பரத் தட்டிகளில் முதல் வாக்கியம்தான் ஏறுகிறது, எதிர்ப்பாளர்களின் துண்டறிக்கையில் இரண்டாவது. முடிவெடுக்க வேண்டியவருக்கு இரண்டும் தேவை.

அதே மதிப்பாய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அதைப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. காய்ச்சல், இருமல், உடல்வலி என்று இன்ஃபுளுவென்சாவைப் போலவே தோன்றும் நோய்கள் ஊசி போடாதவர்களில் 21.5 விழுக்காட்டினருக்கும், போட்டவர்களில் 18.1 விழுக்காட்டினருக்கும் வந்தன. நாம் ஃபுளூ என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும் காய்ச்சல்களில் பெரும்பகுதி வேறு வைரஸ்களின் வேலை. இந்த ஊசி அவற்றைத் தொடுவதே இல்லை. "போட்டும் காய்ச்சல் வந்துவிட்டது" என்ற மனக்குறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் குறையை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமல்ல. முன்கூட்டியே இதைச் சொல்லாதவர்கள்தான் அதற்குப் பொறுப்பு.

வேலைக்குப் போகும் நலமானவர்களிடம் நடந்த இரண்டு அமெரிக்கச் சோதனைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மினியாபோலிஸ்–செயின்ட் பால் பகுதியில் 1994–95 பருவத்தில் 849 பேரிடம் நடந்த சோதனையில், சுவாசப்பாதை நோய்க்காக எடுத்த விடுப்பு நாட்கள் 43 விழுக்காடு குறைந்தன. ஊசிக்கான செலவு போக ஆளுக்கு 46.85 டாலர் மிச்சம் என்று கணக்கிட்டனர். சில ஆண்டுகள் கழித்து மிச்சிகன் மாநிலத்தின் ஃபோர்டு நிறுவன ஊழியர்களிடம் இரண்டு பருவங்களில் நடந்த சோதனையோ வேறு கதை சொன்னது. 1997–98இல் ஊசியில் இருந்த வைரஸ் வகையும் பரவிய வகையும் பொருந்தவில்லை, பலன் இல்லை. 1998–99இல் நன்றாகப் பொருந்தியது. ஆய்வகத்தில் உறுதிப்பட்ட நோய் 86 விழுக்காடு குறைந்தது. அப்படியும் வரவைவிடச் செலவே மிஞ்சியது: முதல் ஆண்டில் ஆளுக்கு 65.59 டாலர், இரண்டாம் ஆண்டில் 11.17 டாலர். மிக நன்றாக வேலை செய்த ஆண்டிலும் பணக்கணக்கு தேறவில்லை என்பது கவனத்துக்குரியது. பருவம் எவ்வளவு கடுமையானது, ஒரு நாள் விடுப்புக்கு என்ன விலை வைக்கிறோம் என்பவை கணக்கையே புரட்டிவிடுகின்றன.

பொருத்தம் தவறுவது அரிதல்ல. வட அரைக்கோளத்துக்கான வைரஸ் வகைகளை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் பரிந்துரைக்கிறது. ஊசி கைக்கு வரப் பல மாதங்கள் ஆகின்றன. அதற்குள் வைரஸ், குறிப்பாக எச்3என்2 வகை, உருமாறிவிடலாம். அமெரிக்காவில் 2014–15 பருவத்தில் ஊசியின் செயல்திறன் 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

தீங்கு பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கைவலி, ஓரிரு நாள் காய்ச்சல் ஆகியவையே வழக்கம். 1976இல் அமெரிக்காவில் சுமார் 4.5 கோடிப் பேருக்குப் போட்ட பன்றிக் காய்ச்சல் ஊசியால், நரம்புகளைத் தாக்கும் கீயன்–பாரே நோய் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடியது உண்மை. பிற்காலப் பருவ ஊசிகளில் அந்த அபாயம் தெரிந்தாலும் பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவே. இன்ஃபுளுவென்சா நோயும் அதே கோளாறைத் தூண்டக்கூடியதுதான்.

இப்போது இரு நாடுகளின் நியாயங்களுக்குத் திரும்பலாம். பொதுப் பணத்தில் ஒரு பவுண்டு எங்கே அதிக ஆரோக்கியத்தைத் தரும் என்று பிரிட்டன் கேட்டது. முதியோர், நோயுள்ளோர், கர்ப்பிணிகள் என்று விடை வந்தது. 2012இல் அதன் வல்லுநர் குழு குழந்தைகளையும் சேர்த்தது, ஏனெனில் தொற்றை வீட்டுக்குக் கொண்டுவருவதில் அவர்களே முன்னணியில் நிற்கிறார்கள். அமெரிக்காவோ, யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று கேட்டது. ஆபத்துள்ளோர் பட்டியல் நீண்டுகொண்டே போய் மக்கள்தொகையின் பெரும்பகுதியைத் தழுவியிருந்தது; தாம் அதில் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. 2009 பெருந்தொற்று இளையோரையும் நடுவயதினரையும் கடுமையாகத் தாக்கியிருந்தது. எல்லோருக்கும் என்று சொல்லிவிடுவது எளிதாக இருந்தது. நிர்வாகத்துக்கு அது நல்ல காரணம். ஆனால் ஒரு தனிமனிதருக்கு "உனக்கு இது அவசியம்" என்று சொல்வதற்கு அது சான்றாகாது.

பிறரைக் காக்கும் வாதம்தான் வலுவானது. அங்கும் சான்றின் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். கனடாவின் ஹட்டரைட் என்ற மதச் சமூகத்தின் குடியிருப்புகளில் 2008–09இல் குழந்தைகளுக்கு மட்டும் ஊசி போட்டபோது, ஊசி போடாத மற்றவர்களிடையே நோய் 61 விழுக்காடு குறைந்தது. ஜப்பான் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவந்து, 1994இல் நிறுத்தியது. நிறுத்திய பின் முதியோரின் குளிர்கால மரணங்கள் கூடின என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டுமே குழந்தைகளைப் பற்றியவை. பெரியவர்களுக்குப் போட்ட ஊசி சுற்றியிருப்பவர்களைக் காத்தது என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று தாய்மாரிடம் கிடைக்கிறது: வங்கதேசத்தில் கர்ப்பிணிகளுக்குப் போட்டபோது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களிடம் உறுதிப்பட்ட இன்ஃபுளுவென்சா 63 விழுக்காடு குறைந்ததை 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இது முதன்மையாகத் தாயிடமிருந்து சிசுவுக்குப் போகும் எதிர்ப்பொருளின் பலன். தகப்பனுக்கோ தாத்தாவுக்கோ போட்டால் இதே அளவு கிடைக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. நோய் தொற்றாதவர் அதைப் பரப்பமாட்டார் என்ற அனுமானம் நியாயமானது. அதன் அளவுதான் தெளிவில்லை.

முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு ஊசியைக் கட்டாயமாக்கும் கோரிக்கை நான்கு சோதனைகளை நம்பி எழுந்தது. அவை காட்டிய மரணக் குறைவு, ஃபுளூவால் நேரக்கூடிய மரணங்களைவிடவே பெரிதாக இருக்கிறது என்று 2017இல் வெளியான ஒரு திறனாய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. ஊசிக்கு எதிரான முடிவல்ல அது, கட்டாயத்துக்கு எதிரானது. செவிலியர் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றே நானும் கருதுகிறேன், ஆனால் வேலை போய்விடும் என்று மிரட்டுவதற்கு இந்தச் சான்று போதாது.

நலமானவரும் ஃபுளூவில் இறப்பதுண்டே என்று கேட்கலாம். உண்டு. 1918இல் இளைஞர்கள்தான் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஆனால் அது புதிய வைரஸின் பெருந்தொற்று. வழக்கமான பருவத்தில் நலமான முப்பது வயதுக்காரருக்கு மரண அபாயம் மிகச் சிறியது. அந்தச் சிறு அபாயத்தையும் குறைக்க அவர் விரும்பினால் தடுக்கக் காரணமில்லை. மறுத்தால் குற்றம் சொல்லவும் காரணமில்லை. வீட்டில் கைக்குழந்தையோ, கீமோதெரபி பெறும் உறவினரோ, நுரையீரல் நோயால் மூச்சு வாங்கும் பெற்றோரோ இருந்தால் நிலைமை வேறு. பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசியே கிடையாது. எதிர்ப்பாற்றல் குன்றியவருக்குப் போட்டாலும் பலன் குறைவு. அவர்களைச் சுற்றி வாழ்பவர்கள் போட்டுக்கொள்வதே முறை.

தமிழ்நாட்டில் நலமான பெரியவர் பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில், கைக்காசில்தான் இதை முடிவு செய்கிறார். இங்கே காலமும் முக்கியம். வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழையின்போது உச்சம் பெறும் இன்ஃபுளுவென்சா, சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர்–நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு ஏறுவதைக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசியின் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கிறது. பிறகு மாதக்கணக்கில் தேய்கிறது. முதியவரோ பச்சிளங்குழந்தையோ உள்ள தமிழகக் குடும்பம் செப்டம்பரில் அதைப் போட்டுக்கொள்வதற்கும், மழை ஓய்ந்து ஜனவரியில் போட்டுக்கொள்வதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இருக்கும்.