பச்சையும் வாட்டர்கலரும்

போன ஞாயிறு மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ வாங்கும்போது மகள் ஆரம்பித்தாள்: "அப்பா, கையில வாட்டர்கலர் டாட்டூ போட்டுக்கட்டுமா?" கறுப்புக் கோடே இருக்காதாம், ஈரத்தாளில் சாயம் பரவின மாதிரி இருக்குமாம்.

எனக்கு நெல்லை ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. ஆச்சி முன்கையில் இருந்தது கோலம். ஊருக்கு வந்த குறத்தி ஊசியால் குத்தி, விளக்குக் கரியைத் தேய்த்தது. குறவர் பெண்களின் இந்தத் தொழிலை எட்கர் தர்ஸ்டன் 1906-லேயே எழுதியிருக்கிறார். கரி கறுப்புதான், தோலுக்கடியில் போனால் ஒளி சிதறிப் பச்சையாகத் தெரியும்.

1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி மின்சார ஊசிக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனின் மின்சாரப் பேனாதான் அதற்கு மூலம். மகள் கேட்கும் வண்ணமெல்லாம் அந்த மெஷின் வழி வந்ததுதான்.

வங்கியில் கைநாட்டு வைப்பவர்களுக்குப் படிவத்தில் அங்க அடையாளம் எழுதுவோம். தாராவிப் பாட்டிகள் சிலர் கையை நீட்டிப் பச்சையைத்தான் காட்டுவார்கள். எழுதத் தெரியாத ஆச்சிக்கும் அதுதான் அடையாளம். ஆனால் குத்தும்போது சின்னப் பிள்ளை. வேணுமா என்று யாரும் கேட்கவில்லை.

மகளோ தானே தேர்ந்தெடுக்கிறாள். வாட்டர்கலரின் கவர்ச்சியே அதுதான் என்று நினைக்கிறேன். கோடு இல்லாவிட்டால் சீக்கிரம் மங்கும் என்கிறார்கள். ஆச்சியின் கோலம் சிதை வரைக்கும் கூடவே போனது.

"பதினெட்டு முடியட்டும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு ஆச்சி கையில் என்ன இருந்தது?