சிறுவர் சேமிப்பும் கென்ற் நகரின் படிப்பினையும்

பிள்ளைகளுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், யாருடைய பிள்ளைகளுக்கு, எந்நோக்குடன், யாருடைய நலன் கருதி என்று வினவத் தொடங்கியதும், எளிய அறவுரையாகத் தோன்றிய அது சமூக வரலாற்றின் ஓர் அத்தியாயமாக விரிகின்றது. அவ்வத்தியாயத்தைக் கற்பதற்குப் பெல்ஜியத்தின் கென்ற் நகரிலும் ஏற்ற களம் அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கென்ற் நகர் பஞ்சாலைகளின் நகராயிற்று. நூற்கும் இயந்திரத்தை இங்கிலாந்திலிருந்து லீவன் பௌவன்ஸ் என்பார் இரகசியமாகக் கடத்தி வந்ததோடு அவ்வளர்ச்சி தொடங்கியது. இயந்திரத்தோடு ஆலைத் தொழிலாளர் வர்க்கமும் தோன்றியது. தந்தையின் கூலி போதாத வீடுகளிலே தாயும் பிள்ளைகளும் ஆலைவாயிலை நாடினர்.

1865இல் பெல்ஜிய அரசு பொதுச் சேமிப்பு நிதியகத்தை நிறுவியது. அடுத்த ஆண்டே, கென்ற் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியரான பிரான்சுவா லோறன், நகரப் பாடசாலைகளிலே சேமிப்புப் பயிற்சியைத் தொடக்கி வைத்தார். மாணாக்கர் கொணரும் சில சதங்களை ஆசிரியர் பெற்றுப் பதிவு செய்வார். அவை ஒரு பிராங்காகத் திரண்டதும் பிள்ளையின் பெயரிற் சேமிப்புப் புத்தகம் ஒன்று திறக்கப்படும். இதற்கு முன்னரும் ஐரோப்பாவில் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்ததுண்டு. ஆயினும் பிற நாட்டார் முன்மாதிரியாகக் கொண்டது கென்ற் நகரின் முறையையே.

லோறனின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. மதபீடத்தின் ஆதிக்கத்தை எதிர்த்த தாராண்மைவாதி அவர். தொழிலாளரின் கல்வியில் உண்மையான அக்கறை கொண்டவர். கையிலுள்ளதை உடனே செலவிடாது நாளையை எண்ணப் பழகிய பிள்ளை ஒரு நற்பண்பைப் பெற்றது என்பதும் மெய்யே. ஆனால், சதத்தைச் சேமிக்கக் கற்பித்த அப்பாடசாலை, அச்சதம் ஏன் அத்துணை சிறிதாயிருந்தது என்று கேட்கக் கற்பிக்கவில்லை. வறுமை ஒழுக்கக் குறைவின் விளைவு என்பதே அக்காலத் தாராண்மைவாதிகளின் பொதுவான கருத்து. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட சிறுவரை ஆலைகளில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் பெல்ஜியத்திற் பிறந்தது 1889இலேதான். கட்டாயக் கல்விச் சட்டமோ 1914 வரை காத்திருந்தது. பிள்ளையின் கையிலே சேமிப்புப் புத்தகத்தைக் கொடுத்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே, அக்கையை இயந்திரத்திலிருந்து விடுவிக்க அரசு முன்வந்தது!

அதே நகரிலே மற்றொரு பாடமும் உருவாயிற்று. 1880ஆம் ஆண்டளவில் எட்வேட் அன்சீலே முதலிய சமவுடைமைவாதிகள் 'வோருயிற்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். 'முன்னேறு' என்பது அதன் பொருள். அடுமனையே அதன் அடித்தளம். பாண் விற்பனையில் எஞ்சிய இலாபம் அங்கத்தவர்க்கே பங்காகத் திரும்பியது. அதன் ஒரு பகுதி பொதுப்பணிகளுக்குச் சென்றது. லோறனின் பள்ளியிற் பணம் என்பது தனியொருவனின் புலனடக்கம். வோருயிற்றின் அடுமனையிலோ அது பலரது உழைப்பின் பொதுப்பயன். ஒரே தெருவிற் பிறந்த பிள்ளை இரு பாடங்களையும் கேட்டிருத்தல் கூடும்.

எனினும் வரலாறு எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. முதல் உலகப் போரும் அதன் பின்விளைவுகளும் பெல்ஜிய நாணயத்தைச் சிதைத்தன. 1926இற் பிராங்கின் மதிப்பு நிலைநிறுத்தப்பட்டபோது, அதன் பொன்மதிப்பு போருக்கு முந்தியதில் ஏறத்தாழ ஏழிலொரு பங்காயிருந்தது. மிட்டாய் வாங்காது சதம் சேர்த்த சிறுவன் செய்த பிழை யாது? கூட்டுறவாளரும் தப்பவில்லை. 1913இல் அன்சீலே முதலியோர் நிறுவிய தொழில் வங்கி, தொழிலாளரின் பணத்தை ஆலைகளிலும் பிற முயற்சிகளிலும் முடக்கிப் பொருளாதார மந்தத்திற் சிக்குண்டு 1934இல் வீழ்ந்தது. தலைவர்களின் தூய நோக்கம் கணக்குப் பரிசோதனைக்கு ஈடாகாது என்பதைத் தொழிலாளர் பெருவிலை கொடுத்துக் கற்றனர்.

1924இல் மிலான் நகரிற் கூடிய சர்வதேசச் சேமிப்பு வங்கிகளின் மாநாடு, ஒக்டோபர் 31ஆம் நாளை உலக சிக்கன தினமாக்கியது. எமது நாட்டிலும் அந்நாள் கொண்டாடப்படுகின்றது. பாடசாலைகளிலே சேமிப்பு அலகுகள் இயங்குகின்றன. உண்டியல்கள் பரிசாக வழங்கப்படுகின்றன. ஆனால், 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டிற்று. முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்குக் கிடைத்தவற்றை வாங்க நூற்றெழுபது ரூபா வேண்டியதாயிற்று. உண்டியலை உடைத்த பிள்ளை, கொப்பியின் விலையைக் கேட்டுத் திகைத்தபோது, சிக்கனம் பற்றிய எந்த அறவுரை அதற்கு விடையளித்திருக்கும்?

ஆகவே சேமிப்பைக் கைவிடுக என்பதன்று எமது வாதம். ஏழை வீட்டிற்கு நோயும் வேலையின்மையும் வரும் நாளில் நாலு காசு துணையே. ஆனால் அந்த நாலு காசைப் பற்றிய அறிவு உண்டியலோடு முடிதலாகாது. வீட்டின் வரவு எங்கிருந்து வருகின்றது, ஒரு கொப்பியின் விலையில் யார் யாருடைய பங்கு அடங்கியுள்ளது, வங்கியிலிட்ட பணம் யாருக்குக் கடனாகச் செல்கின்றது, விலையேற்றம் யாரை வாட்டி யாரை வாழ்விக்கின்றது என்பனவும் கணித பாடத்தின் பகுதிகளாதல் வேண்டும். மாணாக்கரே நடத்தும் சிறு கூட்டுறவுக் கடையொன்று, கணக்கை மாதந்தோறும் எல்லோர் முன்னும் படித்துக் காட்டுமாயின், பல சொற்பொழிவுகளிலும் மேலான பாடத்தை அது புகட்டும்.

கென்ற் நகரின் ஆசிரியர்கள் சதங்களை நேர்மையாக எண்ணினர். எண்ணக் கற்பித்தல் எமது தொழிலிற் பாதி. வினவக் கற்பித்தலே மறுபாதி.