தூங்க விடுவதும் ஒரு கொடை



வல்வில் ஓரியைப் பற்றிப் போன மாதம் எழுதிய பதிவுக்கு நிறையப் பேர் கருத்துப் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு பையன் (பையன் என்ன, நாற்பதைத் தாண்டியிருப்பான், லாரி ஓட்டுகிறான்) ஓரிக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "சார், ஸ்டியரிங்கைப் புடிச்சா கண்ணு சொக்குது. வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. அந்தக் காலத்து ஆளுங்க எப்படி சார் தூங்குனாங்க?"

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். டீ வைத்துக்கொண்டு படியுங்கள். இரவில் படிப்பவர்கள் டீ வேண்டாம்!

நம் மலைக்குத் தொடர்புடைய கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஓரியைக் காரி கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று படித்திருக்கிறீர்கள். அந்தச் சேரர் மரபில் வந்தவன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்துக்குத் தலைவன் இவன். அதிகமானையும் இரு பெரு வேந்தரையும் இவன் ஒருசேர வென்றது கொல்லிக் கூற்றத்தில்தான் என்று அதன் பதிகம் சொல்கிறது.

இவ்வளவு பெரிய போர்வீரனின் அரண்மனைக்கு மோசிகீரனார் என்ற புலவர் போகிறார். வழிநடந்த களைப்பு. பூப்பரப்பிய மெத்தென்ற கட்டில் ஒன்று காலியாக இருக்கிறது. படுத்துத் தூங்கிவிட்டார். அது முரசுக் கட்டில். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள். வீரமுரசுக்கு உரிய கட்டிலில் வேறு யார் படுத்தாலும் வாளுக்கு இரையாக வேண்டியதுதான். மன்னன் வந்து பார்த்தான். வாளை எடுக்கவில்லை, புலவரை எழுப்பவும் இல்லை. பக்கத்தில் நின்று விசிறி வீசினான். விழித்ததும் புலவர் பாடியது புறநானூற்றில் 50ஆம் பாட்டு.

வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் "மன்னனின் தமிழ்ப்பற்று" என்று ஒரு வரி எழுதச் சொல்வோம். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் மன்னன் அன்று பொன்னோ யானையோ கொடுக்கவில்லை. ஒருவரைத் தூங்க விட்டான். அதையும் ஒரு கொடையாகவே நம் ஆட்கள் பாடி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து இரவு எப்படி இருந்தது? ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். இரவுக்கு நான்கு சாமம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரை நகரின் இரவைச் சாமம் சாமமாகக் காட்டுகிறது. ஊர் அடங்கிய நடுச்சாமத்தில் அதில் விழித்திருப்பவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று திருடர், மற்றொன்று ஊர்க்காவலர். மழை கொட்டினாலும் காவலர் சோராமல் தெருவில் திரிந்ததை மருதனார் சொல்கிறார். பின்னாளில் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்று ஒரு வரி வருகிறது. ஊர்க்காவலுக்காக மக்கள் கொடுத்த வரி அது. சுருக்கமாகச் சொன்னால், நிம்மதியாகத் தூங்குவதற்கு ஊரே சேர்ந்து செலவு செய்தது.

மலையில் வேறு மாதிரி. தினைப்புனத்தில் பரண் கட்டி, தீப்பந்தம் வைத்துக்கொண்டு ஆண்கள் இரவெல்லாம் காவல் இருந்ததைக் குறிஞ்சிப் பாட்டுகளில் பார்க்கிறோம். இன்றும் காட்டுப்பன்றிக்குப் பயந்து காட்டில் போய்ப் படுப்பவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். ஒருவர் விழித்திருந்தால்தான் பத்துப் பேர் தூங்க முடியும்.

"அந்தக் காலத்துல எட்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாங்க" என்று நாம் நினைக்கிறோம். அது சரியில்லை. ரோஜர் எகிர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பழைய ஐரோப்பாவின் நாட்குறிப்புகள், நீதிமன்றப் பதிவுகளை எல்லாம் படித்து 2005இல் ஒரு நூல் எழுதினார். அங்கே மக்கள் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்று இரவை இரண்டாகப் பிரித்துத் தூங்கினார்கள் என்கிறார். நடுவில் எழுந்து கும்பிடுவது, அடுப்பைப் பார்ப்பது, பேசிக்கொண்டிருப்பது. 2015இல் வந்த இன்னொரு ஆய்வு, டான்சானியா, நமீபியா, பொலிவியா நாடுகளில் மின்விளக்கு இல்லாமல் வாழும் மூன்று பழங்குடிகளைப் பார்த்தது. அவர்கள் நடுவில் எழுவது குறைவு, ஒரே தூக்கம்தான். தூங்கியதோ சராசரியாக 5.7 முதல் 7.1 மணி நேரம். பொழுது சாய்ந்ததும் படுக்கவில்லை, மூன்று மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தார்கள். இரவுக் குளிர் இறங்க இறங்கத் தூங்கினார்கள். ஆகவே நடுராத்திரி ஒருமுறை விழிப்பு வந்தால் "ஐயோ, தூக்கம் போச்சே" என்று மணி பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பயம்தான் மிச்சத் தூக்கத்தையும் கெடுக்கும்.

அப்படியானால் மாறியது என்ன? முதலில் வெளிச்சம். 1879இல் எடிசன் விளக்கு வந்தது. நம் பக்கம் பைக்காரா நீர்மின் நிலையம் 1932, மேட்டூர் 1937. மின்சாரம் வந்த இடத்தில் மில் வந்தது, மில்லோடு நைட் ஷிப்டும் வந்தது. வெளிச்சம் உடம்பை என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமானால் மலையிறங்கி நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போங்கள். முட்டைக்கோழிக்கு ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி பல்பு போடுகிறார்கள். பொழுது நீளம் என்று கோழியின் மூளை நம்பினால்தான் முட்டை குறையாது. நாமும் இரவு பதினொரு மணிக்கு முகத்துக்கு நேரே செல்போனைப் பிடிக்கிறோம். இன்னும் பொழுது சாயவில்லை என்று நம் மூளையும் நம்புகிறது. தூக்கத்துக்கு முன்னறிவிப்பாகச் சுரக்க வேண்டிய மெலடோனின் தள்ளிப்போகிறது. கோழியாவது முட்டை போடுகிறது!

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சி சொன்னது தொட்டாற்சிணுங்கி மாதிரியான ஒரு செடி. 1729இல் த மெய்ரான் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை இருட்டில் வைத்தார். வெயில் படாமலே பகலில் இலையை விரித்தது, இரவில் மூடியது. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நம் மதுரைக்கும் பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகையின் ஆழத்தில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். அவற்றுக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. ஆனாலும் அந்தக் குகையில் வாழும் மற்ற வௌவால்கள் இரை தேடப் போய்வருவதை வைத்தே கூண்டுக்குள் இருந்தவை நேரம் தவறாமல் உறங்கி விழித்தன. கூட்டம் இல்லாத குகையில் வைத்தபோது அவற்றின் கடிகாரம் மெல்ல மெல்ல நேரம் விலகிப் போனது. 1978இல் வெளியான ஆய்வு இது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வும் கூட. சுற்றியிருப்பவர்கள் போகும் நேரமும் வரும் நேரமுமே ஓர் உயிருக்குப் பொழுதைக் காட்டிவிடுகிறது.

சட்டமும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு வைத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் விதி. உறக்கமும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பாடிகாவல் போய் சட்டம் வந்திருக்கிறது. காவல் காக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே தம்பி, உனக்கு என் பதில் இது. முந்தைய மனிதர்கள் நம்மைவிட அதிகம் தூங்கவில்லை. ஆனால் தூங்குபவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இன்று தூக்கத்தை அவரவர் தலையில் கட்டிவிட்டோம். வராவிட்டால் மாத்திரை என்கிறோம். நீ செய்ய வேண்டியது: எத்தனை மணிக்குப் படுத்தாலும் முடிந்தவரை ஒரே நேரத்தில் எழு. பகலில் படுக்கிறாயா, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டு. மாலைக்கு மேல் டீயைக் குறை. கண் சொக்கினால் வண்டியை ஓரங்கட்டிப் படு, சரக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போகட்டும். வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டாலும், குறட்டையில் மூச்சு முட்டினாலும் டாக்டரைப் பார். மருந்துக்கடையில் நீயாகக் கேட்டு மாத்திரை வாங்காதே.

மற்றவர்கள் செய்ய வேண்டியதுதான் அதிகம். வண்டி வைத்து முதலாளியாகிவிட்ட என் மாணவர்களே, இரண்டாவது டிரைவரைப் போடுங்கள். ஷிப்ட் முடிந்து பகலில் படுத்திருப்பவரை "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று போனில் எழுப்பாதீர்கள். கோயில் விழாக் கமிட்டியில் இருப்பவர்கள் பத்து மணிக்கு மைக்கை நிறுத்துங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. அர்த்தசாம பூஜை முடிந்தால் சாமிக்கே பள்ளியறைதானே!

இன்னொன்று. உங்கள் வீட்டில் கடைசியாகப் படுப்பவர் யார், முதலில் எழுபவர் யார் என்று இன்றைக்கு ஒருநாள் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருக்கும். அம்மாவாகவோ மனைவியாகவோ மருமகளாகவோ இருக்கும். காலை அடுப்பை ஒருநாள் நீங்கள் பற்றவைத்து, அவரை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க விடுங்கள். விசிறி பிடிக்கக்கூட வேண்டாம், பாத்திரத்தை உருட்டாமல் இருந்தால் போதும்.

உறவினர் குழுவில் விடிகாலை நான்கரை மணிக்கே காலை வணக்கம் போடும் பெரியவர்களுக்கும் (என் வயதுக்காரர்கள்தான்) ஒரு விண்ணப்பம். ஆறு மணிக்கு மேல் போடுங்கள். வணக்கம் எங்கும் ஓடிப்போகாது.

இந்தப் பதிவை இரவு பத்து மணிக்கு மேல் படித்தால் கருத்தைக் காலையில் எழுதுங்கள். அனைவருக்கும் நல்லுறக்கம் வாய்க்கட்டும்.