மிஞ்சி நிற்கும் ஒன்று

ஹைதர் அலியின் படையெடுப்பை அஞ்சிப் பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினியார் சென்னையின் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் மேற்குப் பக்கத்து வாயில்களுள் ஒன்றாக இருந்து, மதில் மறைந்த பின்னும் பெயரளவில் நிலைத்துவிட்ட யானைக்கவுனி, வர்த்தகத்தால் வளர்ந்த பேட்டை. கணக்கு அங்கே ஜீவனத்தோடு பிணைந்த வித்தை. அந்தப் பழைய மதிலுக்குள் அடங்கிய ஜார்ஜ் டவுனிலும், அதன் வடக்கே ராயபுரத்திலும், வர்க்கமூலத்தைக் குழந்தைகளுக்குப் போதிப்பது பற்றி நாம் சிந்திக்கத்தக்க ஒரு சரித்திரம் உண்டு.

சர் தாமஸ் மன்றோ 1822-ல் உத்தரவிட்டு நடத்திய விசாரணையில் சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகத் தெரியவந்தது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனனம் செய்தார்கள். ஒன்றை முந்நூற்றிருபதாகப் பிரித்த முந்திரி என்னும் பின்னத்திலிருந்து தொடங்கும் அச்சுவடியில், குழிமாற்று என்ற வாய்பாடு ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வரும் தொகையை, அதாவது வர்க்கத்தை, நிலம் அளக்கும் தேவையை முன்னிட்டுக் கற்பித்தது. பக்கம் தெரிந்தால் பரப்பைச் சொல்ல அவர்களால் இயலும். பரப்பைச் சொல்லிப் பக்கத்தை, அதாவது வர்க்கமூலத்தை, கேட்டால்தான் சங்கடம் பிறக்கிறது.

அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கும் உபாயமாகத் தமிழ்ச் செய்யுள் வடிவில் வழங்கிவரும் விதி ஒன்று உண்டு. செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பாகத்தைக் கழித்துவிட்டு, குறும்பக்கத்தில் பாதியைக் கூட்டினால், மூலம் காணாமலே கர்ணம் கிடைக்கும் என்பது அதன் சாரம். நான்கும் மூன்றும் கொடுத்தால் பிசகாமல் ஐந்து வரும். பன்னிரண்டும் ஐந்தும் கொடுத்தால் பதின்மூன்று வரும். ஆனால் இரு பக்கமும் ஒன்றாக உள்ள சமசதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அதைப் பிரயோகித்தால் 1.375 என்று வந்து நிற்கிறது, உண்மையோ 1.414-க்குச் சற்று மேல். இந்த இடத்தில்தான் விகிதமுறா எண் தன்னை முதலில் காட்டிக்கொள்கிறது என்பதால், வகுப்பறையில் இந்த விதியை வியந்து பாராட்டுவதைவிட, அது தவறும் இடத்தைக் காட்டுவதே பெரிய போதனை என்று நான் கருதுகிறேன்.

இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள் வந்த பிறகு, இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்து வகுத்து மூலம் காணும் முறை நம் பிள்ளைகளின் நித்திய அப்பியாசமாயிற்று. 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்திலேயே மூலம் காணும் முறை சொல்லப்பட்டிருக்கிறது, முறையில் குற்றமில்லை. இரண்டின் மூலத்தை மூன்று தசம ஸ்தானம் வரை கண்டுபிடித்துக் கோடிட்டு முடிக்கும் மாணாக்கன், அது ஏன் முடிவதில்லை என்று கேட்பதற்கு இடமே தரப்படுவதில்லை என்பதுதான் என் மனக்குறை. அவனை இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: எந்தப் பின்னத்தைத் தன்னால் பெருக்கினால் சரியாக இரண்டு வரும்? மூன்றை இரண்டால் வகுத்தால், மேலெண்ணின் வர்க்கம் 9 இருக்கிறது, கீழெண்ணின் வர்க்கத்துக்கு இருமடங்காக 8 இருந்திருக்க வேண்டும். ஏழை ஐந்தால் வகுத்தால், 49 இருக்கிறது, 50 வேண்டும். பதினேழைப் பன்னிரண்டால் வகுத்தால், 289 இருக்கிறது, 288 வேண்டும். யாகவேதிகை அமைப்பதற்கான சுல்ப சூத்திரத்தில் போதாயனர் வகுத்த மதிப்பு 577-ஐ 408-ஆல் வகுத்ததற்குச் சமம். அதன் வர்க்கங்களைக் கணித்தால் 3,32,929 இருக்கிறது, 3,32,928 வேண்டும். யாகவேதிகை அமைத்தவர்கள் அத்தனை நெருங்கிய பின்னும் ஒன்று மிஞ்சிவிட்டது. தானே பென்சிலால் கணக்குப் போட்டு இதைக் கண்ட குழந்தைக்கு, அந்த ஒன்று எக்காலத்திலும் பூஜ்யமாகாது என்பதற்கான ஒற்றை இரட்டை நிரூபணத்தை அடுத்த வகுப்பில் சொன்னால், அது தன் சொந்தக் கேள்விக்கு வந்த விடையாகத் தோன்றும்.

மூலங்களோடு உறவாடிய கணிதமேதை ராமானுஜன் 1912 மார்ச் முதல் தேதி துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்தார். அதற்கு முந்திய ஆண்டில் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில், மூலத்துக்குள் மூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பைக் கேட்டிருந்தார், விடை மூன்று. மூன்றின் வர்க்கம் ஒன்றோடு இரண்டு நான்குகள், நான்கின் வர்க்கம் ஒன்றோடு மூன்று ஐந்துகள், ஐந்தின் வர்க்கம் ஒன்றோடு நான்கு ஆறுகள் என்று எழுதிக்கொண்டு போனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அதன் அமைப்பை அறியலாம்.

அதே ஜார்ஜ் டவுனின் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித உபாத்தியாயராக இருந்த பி. கே. ஸ்ரீநிவாசன், ராமானுஜனை அறிந்தவர்களின் நினைவுகளையும் கடிதங்களையும் அரிதின் முயன்று திரட்டி, 1968-ல் அப்பள்ளியின் பழைய மாணாக்கர் துணையோடு நூலாக்கினார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய பணியை ஒரு பள்ளிக்கூடம் செய்தது. எண்களின் அமைப்பைக் குழந்தைகள் கையால் செய்து பார்த்துத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதை ஆயுள் முழுதும் வற்புறுத்திய அவருடைய முயற்சியால், ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் 1993-ல் தோன்றின. அவர் 2005-ல் காலமானார்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: மூலக்குறியைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், பிள்ளைகளிடம் ஒரு பாடவேளையைக் கொடுத்து, இரண்டுக்குச் சரியான பின்னத்தைத் தேடச் சொல்லுங்கள்.