டீம்ஸில் பச்சைப் புள்ளி மஞ்சளாக மாறுவது ஏன்? வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

"மஞ்சள் புள்ளி காட்டுதே, எங்கே போயிட்டீங்க?" வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் பலர் மேலாளரிடம் இந்தக் கேள்வியை வாங்கியிருப்பார்கள். வேலூர் – திருவண்ணாமலை சாலையில், ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டியிருக்கும் கண்ணமங்கலம் போன்ற ஊர்களில் இருந்து சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வேலை செய்வோருக்கு இது கூடுதல் தலைவலி. கரண்ட் போனாலும், டவர் சரியாகக் கிடைக்காவிட்டாலும் புள்ளியின் நிறம் மாறிவிடும். உண்மையில் அந்தப் புள்ளி எதைக் காட்டுகிறது?

புள்ளி எப்படி வேலை செய்கிறது?

மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் பச்சை என்றால் 'இருக்கிறார்', சிவப்பு என்றால் 'வேலையில் மும்முரம்' அல்லது 'தொந்தரவு வேண்டாம்', மஞ்சள் என்றால் 'இடத்தில் இல்லை'.

கணினியில் மவுஸ், கீபோர்டு அசையாமல் சுமார் 5 நிமிடம் போனால் டீம்ஸ் தானாகவே மஞ்சளுக்கு மாறும். திரையை லாக் செய்தாலும் இதேதான். செல்போனில் டீம்ஸைத் திறந்துவிட்டு வேறு ஆப்புக்குப் போனாலும் மஞ்சள்தான். ஸ்லாக் செயலி கணினியில் 10 நிமிடம் பொறுத்திருக்கும்.

அதாவது, நீங்கள் 20 பக்க ஆவணத்தை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருக்கலாம். வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருக்கலாம். செயலிக்கு அது தெரியாது. மவுஸ் அசைகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

கரண்ட் போகும் நாளில் என்ன செய்யலாம்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துவிடும். முந்தைய நாள் மாலையே இதைச் செய்யுங்கள்:

* டீம்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, 'ஸ்டேட்டஸ் மெசேஜ்' பகுதிக்குச் செல்லுங்கள்.

* "நாளை மின்தடை. காலை 9 முதல் மதியம் 2 வரை செல்போனில் மட்டும் கிடைப்பேன். அவசரம் என்றால் அழைக்கவும்" என நேரத்தோடு எழுதுங்கள்.

* எப்போது அழிய வேண்டும் என்பதையும் அங்கேயே குறிப்பிடுங்கள். பழைய செய்தி அப்படியே நின்றால், அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

கணினி அணைந்த பிறகும் இந்தச் செய்தி மற்றவர்களுக்குத் தெரியும் என்பதுதான் முக்கியம். திடீரென கரண்ட் போனால், செல்போன் ஆப்பிலிருந்தே எழுதலாம். ஸ்லாக், கூகுள் சாட், ஜோஹோ கிளிக் ஆகியவற்றிலும் இந்த வசதி உண்டு.

எந்த நிலையை எப்போது வைப்பது?

கவனம் சிதறாமல் ஒரு மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்றால் 'டூ நாட் டிஸ்டர்ப்' வையுங்கள். அறிவிப்புகள் வராது. மேலாளர் போன்ற சிலருடையது மட்டும் வரவேண்டும் என்றால், செட்டிங்ஸில் அவர்களுக்கு 'பிரையாரிட்டி ஆக்சஸ்' கொடுக்கலாம். சாப்பிடப் போகும்போது 'பி ரைட் பேக்' போதும். 'டியூரேஷன்' பகுதியில் நேரத்தைக் குறித்துவிட்டால், அந்த நேரம் முடிந்ததும் நீங்கள் வைத்த நிலை தானாக நீங்கிவிடும்.

'அப்பியர் ஆஃப்லைன்' வைத்தால் நீங்கள் இல்லாதது போல் தெரியும். ஆனால் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

மவுஸை ஆட்டும் கருவி வாங்கலாமா?

வேண்டாம். புள்ளி பச்சையாகவே இருக்க, மவுஸைத் தானாக அசைக்கும் 'ஜிக்லர்' கருவிகள் விற்கப்படுகின்றன. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதுபோல் போலியாகக் காட்டியதாகப் புகார் எழுந்த பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பணிநீக்கம் செய்தது 2024 ஜூனில் வெளியே வந்தது. மஞ்சள் புள்ளிக்கு விளக்கம் சொல்லிவிடலாம். போலிப் பச்சைக்குச் சொல்ல முடியாது.

வேலை நேரம் முடிந்த பிறகு?

பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதலும் 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' சட்டத்தில் உள்ளது. இந்தியாவில் சுப்ரியா சுலே எம்.பி. மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்திருந்தாலும், இன்னும் சட்டமாகவில்லை. எனவே இங்கே செட்டிங்ஸ்தான் துணை. டீம்ஸ் மொபைல் ஆப்பில் 'கொயட் டைம்' நேரத்தைக் குறித்து வைத்தால், அந்த நேரத்தில் போன் சத்தம் போடாது.

மேலாளர்கள் கவனிக்க வேண்டியது

டவர் இல்லாத ஊழியரும் தூங்குகிற ஊழியரும் புள்ளியில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஒப்புக்கொண்ட வேலை சொன்ன நேரத்தில் முடிந்ததா என்று கேட்டால், யார் வேலை பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். ஊழியர் தரப்பில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே "எங்க ஊர்ல கரண்ட் போனா இந்த நம்பர்ல கூப்பிடுங்க" என்று சொல்லி வைப்பது நல்லது.