உலக முடிவும் ஐயாயிரம் அடிக்கோடும்

இலங்கையின் மலையகத்தில் காலையில் புறப்பட்டு மாலைக்குள் நடந்து திரும்பக்கூடிய பாதைகளில் ஹோட்டன் சமவெளிப் பாதைக்கே முதலிடம் என்பது எனது எண்ணம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் விரிந்து கிடக்கும் இப்புல்வெளியில், சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகிய மூன்றையும் சுற்றி வரும் வட்டப் பாதை ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர். மூன்று மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். காலை பத்து மணிக்குப் பின்னர் மூடுபனி ஏறிவிடுவதால் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும் என்பதை அங்கு செல்பவர்கள் யாவரும் அறிவர். அப்பாதையின் வரலாற்றை அறிந்து நடப்பவர்களோ சிலரே.

பெயரிலிருந்தே தொடங்குவோம். சிங்கள மக்கள் அதனை ‘மகா எலிய’ என அழைத்தனர். பெரும் வெட்டவெளி என்பது பொருள். 1834ஆம் ஆண்டு பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் இருவர் அங்கு ஏறினர். அவர்கள் அதனைக் ‘கண்டுபிடித்ததாக’ ஏடுகள் கூறுகின்றன. ஏற்கெனவே பெயருள்ள ஓர் இடத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது என்று எவரும் கேட்கவில்லை. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நீர்வீழ்ச்சிக்கு, நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் பெயர். யானை வேட்டையிலும் மரை வேட்டையிலும் பேர்போனவர் அவர். இன்று சமவெளியில் மரைகள் கூட்டமாக மேய்கின்றன. யானைகள் இல்லை.

இவ்வளவு வேட்டைக்கும் கோடரிக்கும் தப்பி மேட்டுக் காடு எஞ்சியது எவ்வாறு? விடை 1873ஆம் ஆண்டில் இருக்கிறது. கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் டால்ற்றன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளில் கைவைக்க வேண்டாம் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். அதற்கேற்ப நிர்வாக ஆணையும் பிறந்தது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இம்மலைகளிலிருந்து நீர் செல்கிறது. எனவே, அந்த ஆலோசனையின் பயனைச் சமவெளியை ஒருபோதும் காணாத கீழ்நாட்டு விவசாயியும் அனுபவிக்கிறான்.

கோட்டுக்குக் கீழே நடந்தது வேறு கதை. கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைக்காகவும், மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக, காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர்களின் கைகளே பெரும்பாலும் அத்தோட்டங்களை உருவாக்கின. வழியிலேயே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இறந்தோர் பலர். அவர்களுள் ஒருவரின் பெயரும் எந்த நீர்வீழ்ச்சிக்கும் இடப்படவில்லை.

பத்திரிகைப் பணியின் நிமித்தமும் ஓய்வுக்காகவும் நான் பலமுறை அங்கு சென்றிருக்கிறேன். பெரிய உலக முடிவில் நிலம் திடீரென அற்றுப்போகிறது. சுமார் 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். வானம் தெளிந்திருந்தால் தெற்குக் கடற்கரை வரை பார்வை செல்லும். வருவோர் பெரும்பாலும் அந்தத் தொலைவையே நோக்குவர். நேர் கீழே பார்த்தால் தேயிலைத் தோட்டமும் லயன் கூரைகளும் தீப்பெட்டிகள் போலத் தெரியும்.

மேலேயுள்ள காட்டுக்கும் கீழேயுள்ள மக்களுக்கும் சட்டம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. 1960களில் சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் அது பாதுகாக்கப்பட்ட பிரதேசமாயிற்று. 1988இல் தேசிய பூங்கா. 2010இல் சிவனொளிபாதமலை வனம், நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தோட்டத் தொழிலாளரோ 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். 1986இலும் 1988இலும் வந்த சட்டங்களுக்குப் பின்னரும் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது. மரைக்கும் மரத்துக்கும் பாதுகாப்பு முழுமையாகி, பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது.

காட்டைக் காத்தது தவறென்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். அது காக்கப்படாதிருந்தால் தோட்டத்துப் பீலிகளிலும் இன்று நீர் இராது. புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நண்பர்களுக்கு நான் கூறுவது இதுதான்: பட்டிப்பொல வழியாக வாகனத்தில் விரைந்து சென்று திரும்பாதீர்கள். முடிந்தால் ஒஹிய புகையிரத நிலையத்தில் இறங்கி மேலே நடந்து செல்லுங்கள். இடையில் தோட்டங்களைக் கடந்தே காட்டுக்குள் நுழைவீர்கள். வரலாறு வரைந்த எல்லையை அப்போது உங்கள் கால்களே உணரும்.