குருட்டு ஊசியும் காந்தக் கண்ணும்

உடலின் ஏனைய உறுப்புகளில் கட்டி இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், முதலில் படம் எடுத்து இடத்தைக் கண்டறிந்து, பிறகே ஊசியைச் செலுத்துவர். புராஸ்டேட் சுரப்பி மட்டும் நெடுங்காலம் இதற்கு விலக்காக இருந்தது. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடினால் மலக்குடல் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை நுழைத்து, ஆறு இடங்களில், பின்னாளில் பன்னிரண்டு இடங்களில், வரிசையாகக் குத்தித் திசு எடுப்பர். அக்கருவிக்குச் சுரப்பி தெரியும். கட்டி பெரும்பாலும் தெரியாது.

வியப்பு என்னவென்றால், காந்தக் கருவி புற்றுநோயைத் தேடியே பிறந்தது. கட்டித் திசுவில் அணுக்காந்த ஒத்ததிர்வின் தளர்வு நேரம் நீண்டிருப்பதை 1971-இல் ரேமண்ட் டமாடியன் அறிவித்தார். அவ்வதிர்வைப் படமாக்கும் வழியை 1973-இல் பால் லாட்டர்பர் காட்டினார். 2003-இன் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போயிற்று. டமாடியன் நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சீறினார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

புராஸ்டேட்டைப் பொறுத்தவரை, தொடக்ககாலப் படங்கள் ஏமாற்றின. ஊசி குத்திய இடத்து இரத்தக் கசிவும் பழைய அழற்சியும் புற்றைப் போலவே தோற்றம் காட்டின. நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தை அளக்கும் முறை சேர்ந்தபோதுதான் நிலைமை மாறியது. செல்கள் நெருக்கியடித்து நிற்கும் கட்டிக்குள் நீர் தாராளமாக உலவ இயலாது. அந்தத் தடையே படத்தில் புலனாகும். 2012-இல், ஐயத்தின் அளவை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் பை-ராட்ஸ் முறை வந்தது.

மெய்யான சோதனை பிரிட்டனில் நடந்தது. 2017-இல் வெளிவந்த 'ப்ராமிஸ்' ஆய்வில் 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ., வழக்கமான ஊசிச் சோதனை இரண்டும் செய்தனர். மயக்க நிலையில் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சுரப்பி முழுதும் எடுத்த திசுக்களே உரைகல். ஆபத்தான புற்றுகளில் எம்.ஆர்.ஐ. 93 விழுக்காட்டைக் கண்டது. பழைய முறையோ 48 மட்டுமே! பாதிக்குமேல் தப்பவிட்ட ஒரு சோதனையை நம்பி எத்தனை பேர் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பர் என்று எண்ணும்போது மனம் துணுக்குறுகிறது.

ஆயினும் காந்தக் கண்ணும் பிழையற்றதன்று. ஆபத்தான புற்று இல்லாதவர்களுள் 41 விழுக்காட்டினரையே அது சரியாக விடுவித்தது. ஊசியை அது ஒழித்துவிடவில்லை. மறு ஆண்டு வெளியான 'ப்ரிசிஷன்' ஆய்வில், படம் காட்டிய இடத்தில் மட்டும் குத்தியபோது ஆபத்தான புற்று 38 விழுக்காட்டினரிடம் அகப்பட்டது. பழைய முறையில் 26. தீங்கற்ற சிறு புற்றுகள் அகப்பட்டது 22-இலிருந்து 9-ஆகக் குறைந்தது. இவ்விரண்டாம் கணக்கையே நான் பெரிதாக மதிக்கிறேன். தேவையற்ற அறுவையால் சிறுநீரை அடக்க இயலாமலும் ஆண்மை குன்றியும் வாழ்ந்தோர் பலர். அவர்களோ தம்மைக் காப்பாற்றிய மருத்துவத்திற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தனர்.

2025-இல் 'ப்ரைம்' ஆய்வு, நரம்பில் செலுத்தும் கடோலினிய மருந்து இல்லாமலே ஏறத்தாழ அதே பலன் கிட்டுவதைக் காட்டியது. நேரமும் செலவும் குறையும். படத்தைப் படிக்கத் தேர்ந்த கண்கள்தாம் இன்னும் போதவில்லை.